சேமியாவுக்கு மூணு ஷிஃப்ட்

நாய் வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "பகல்ல வூட்ல யாரு இருப்பாங்க?" பாதிப் பேர் அதிலேயே கழன்றுகொள்வார்கள். மீதிப் பேரில் முக்கால்வாசி பொய் சொல்வார்கள். "மாமியார் இருக்காங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் மாமியார் சுவரில் மாலை போட்ட படமாக இருப்பார். அப்படி ஒரு வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் யார் என்ன சொன்னாலும் நேரில் போய் வீட்டைப் பார்க்காமல் நாயைக் கொடுப்பதில்லை. இந்த கிரேசிக்கு வாய் அதிகம், பெண் கொடுக்கிறவள்கூட இவ்வளவு விசாரிக்கமாட்டாள் என்று ஒரகடம் வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

மணிமங்கலத்துக்கும் படப்பைக்கும் நடுவே ஒரு தோப்பில் இருக்கிறது எங்கள் காப்பகம். ஊர்க்காரர்கள் அதை நாய்ப்பட்டி என்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஷீபா டாக்டர் வந்து ஊசி, ஆபரேஷன் எல்லாம் பார்ப்பார். சோறு வடிப்பது, கழுவி விடுவது, வீடு தேடிக் கொடுப்பது என் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரகடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் முகாம் போடுவோம். என் வீட்டுக்காரர் வில்சன் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்றைக்கு மட்டும் அவருடைய ஆட்டோவில் ஆட்களுக்குப் பதில் நாய்கள் ஏறும். "இதுங்க கால மடக்கி ஒழுங்கா குந்துதுங்க, பாசஞ்சருங்கதான் சண்ட போடுதுங்க" என்பார்.

காசு கொடுத்து வாங்காதீர்கள், காப்பகத்திலிருந்து எடுத்து வளருங்கள் என்று பெரிய எழுத்தில் ஒரு பேனர் கட்டியிருப்போம். அதன் கீழேயே நின்றுகொண்டு "லேப்ரடார் இருக்குதா மேடம்?" என்று கேட்பார்கள். வெள்ளையாக வேண்டும், குட்டையாக வேண்டும், ஆணாக வேண்டும், குரைக்கக்கூடாது, ஆனால் திருடனைப் பார்த்தால் மட்டும் குரைக்கவேண்டும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது என்பார்களே, இவர்கள் நிஜமாகவே நாயின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார்கள். குடோன்காரர்கள் சங்கிலியில் கட்டிப்போட நாய் கேட்டு வருவார்கள். அவர்களை நான் நடத்துகிற விதத்தைப் பார்த்து வில்சனே ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்.

இப்படி முகாம் முகாமாகப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தவள்தான் சேமியா. கண்டெய்னர் லாரிகள் நிற்கும் மைதானத்தில் கிடைத்தவள். வெளுத்த நிறம், நூலாக ஒல்லி. அதனால் அந்தப் பெயரை நான்தான் வைத்தேன். கடிக்கமாட்டாள், திருடித் தின்னமாட்டாள், சின்னப் பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் நிற்பாள். அவளிடம் ஒரே ஒரு கஷ்டம்தான். தனியாக இருக்கமாட்டாள். பக்கத்தில் மனிதர் யாராவது இருக்கவேண்டும். பேசக்கூட வேண்டாம், தூங்கினாலும் போதும். ஆள் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திய நிமிஷத்தில் அவளுக்கு உயிர் போய்விடும்.

முதலில் எடுத்துப்போன வாத்தியார் வீட்டில் கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகம் பிய்ந்து ரத்தமாகத் திரும்பி வந்தாள். இரண்டாவது வீட்டில் ஜன்னல் வலையைக் கிழித்துக்கொண்டு முதல் மாடியிலிருந்து குதித்து முன்னங்காலை ஒடித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்ட அன்று ஷீபா டாக்டர் என்னிடம் சொன்னார்: "கிரேசி, இவளைத் தனியா விடுற வீட்டுக்குக் கொடுத்தா அடுத்த தடவை உயிரோட வரமாட்டா." என் வீட்டுக்கும் கொண்டுபோக வழியில்லை. அங்கே ஏற்கெனவே திருப்பிக் கொடுக்கப்பட்ட உருப்படிகள் ஆறு இருக்கின்றன. இவளைப் பார்த்தாலே கூட்டமாகச் சேர்ந்து குதறிவிடும். காப்பகத்திலோ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றுவாள். சாயங்காலம் நான் கேட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது அவள் போடும் சத்தம் மெயின் ரோடு வரை கேட்கும். வாட்ச்மேன் தன் கட்டிலை அவள் கூண்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்ட பிறகுதான் நிறுத்துவாள்.

பகலும் இரவும் ஆள் இருக்கிற வீடு இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது? புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பஸ் பிடித்து ஆளுக்கொரு கம்பெனிக்குப் போகிற இடம் இது.

அப்போதுதான் ஒரு முகாமுக்கு அந்த மூன்று பையன்கள் வந்தார்கள். மூவரும் தெற்கத்திக்காரர்கள், ஒரே கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் கார் பாகம் செய்கிறவர்கள். இசக்கிபாண்டி தென்காசிப் பக்கம், காசிராஜன் சங்கரன்கோவில், தாவீது திசையன்விளை. இசக்கிபாண்டி வந்ததும் சேமியாவின் முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். அவள் எழுந்து போய் அவன் மடியில் ஒடிந்து கூடிய காலை வைத்தாள்.

"யக்கா, இவ பேரு என்னது?"

"சேமியா."

"நல்ல பேருக்கா. எங்க ரூம்ல பாதி நாளு அதாம் சாப்பாடு."

நான் என் கேள்வியைக் கேட்டேன். காசிராஜன் சிரித்தான்.

"எங்க ரூம்ல பகலு ராத்திரின்னு கெடையாதுக்கா. நா காலைல ஏ ஷிஃப்ட்டு, தாவீது மத்தியானம் பி ஷிஃப்ட்டு, இசக்கி நைட்டு சி ஷிஃப்ட்டு. வாரா வாரம் மாறும். ஆனா மூணு பேரும் ஒரே ஷிஃப்ட்டுல வரமாட்டோம். எந்நேரம் வந்தாலும் ஒருத்தன் தூங்கிக்கிட்டு கெடப்பான்."

அடுத்த நாளே போய்ப் பார்த்தேன். மாத்தூரில் நடேசன் என்பவர் தன் நிலத்தில் கட்டிவிட்டிருந்த லைன் வீட்டில் கடைசி அறை. காலையில் போனபோது இசக்கிபாண்டி வேலை முடிந்து வந்து படுத்திருந்தான். தாவீது சோறு பொங்கிக்கொண்டிருந்தான். மறுபடி ஒருநாள் சொல்லாமல் சாயங்காலம் போனேன். காசிராஜன் துணி துவைத்துக்கொண்டிருந்தான், இசக்கி அப்போதுதான் எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கர்த்தர் இந்த நாய்க்கென்றே மூன்று ஷிஃப்ட்டைப் படைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. நடேசன் முதலில் மாட்டேன் என்றார்.

"இன்னாம்மா, பசங்களே ரூம நாசம் பண்றானுங்க, இதுல நாய் வேறயா? மத்த ரூம்காரன் தூங்க வேணாமா? பாதிப் பேரு நைட்டு போயிட்டு வர்றவன்."

"ஆளு இருந்தா வாயே தொறக்காதுங்க. ஒருநாள் சத்தம் கேட்டாலும் நானே வந்து இட்டுகினு போயிடறேன்."

"ஒருநாள் கேட்டாலும்னு நீதான் சொல்ற. அப்புறம் என்னாண்ட பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டுச் சம்மதித்தார்.

அந்தப் பையன்கள் வைத்துக்கொண்ட முறையை நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கம்பெனியில் அவர்கள் வேலை செய்யும் லைனில் ஒரு சட்டம். அடுத்த ஷிஃப்ட்டு ஆள் வந்து மெஷினைக் கையில் வாங்காமல் யாரும் இடத்தை விட்டு நகரக்கூடாது. அதையே சேமியாவுக்கும் வைத்துவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புகிறவன், தூங்குகிறவனை உலுக்கி எழுப்பி, அவன் கையை எடுத்து நாயின் தலைமேல் வைத்து "ஹேண்ட் ஓவர்" என்று சொல்லவேண்டும். எழுந்தவன் "ஓகே" என்று சொன்ன பிறகுதான் செருப்பு மாட்டவேண்டும். நைட்டு முடித்து அப்போதுதான் கண்ணசந்தவன் கெட்ட வார்த்தையோடு சேர்த்து ஓகே சொல்வான். சேமியாவோ இதற்கென்றே வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள்.

அந்த அறையில் அவள் உடம்பு தேறினாள். விலாவில் சதை வைத்தது. மூவரிலும் இசக்கியிடம்தான் ஒட்டு அதிகம். அவன் தூங்கினால் அவன் கால்மாட்டில், அவன் சமைத்தால் அடுப்புக்குக் கீழே. ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் அவளைக் கூட்டிக்கொண்டு முகாமுக்கு வந்துவிடுவார்கள். கம்பெனி டீஷர்ட்டோடு இசக்கி பேனருக்குக் கீழே நின்றுகொண்டு வருகிறவர்களிடம் என்னைவிட நன்றாகப் பேசுவான். "லேப்பு கீப்பெல்லாம் எதுக்குண்ணே? நம்மூரு நாயி, நம்ம சோத்தத் திங்கும், நம்ம வெயிலத் தாங்கும். எடுத்துட்டுப் போங்க" என்பான். அவன் பேசி இரண்டு கிழட்டு நாய்களுக்குக்கூட வீடு கிடைத்தது. நானும் "மூணு ஷிஃப்ட் ரூம் ஏதாவது இருக்குதா" என்று லைன் வீடு லைன் வீடாக விசாரிக்க ஆரம்பித்திருந்தேன்.

பிறகு கம்பெனிக்கு ஆர்டர் குறைந்துவிட்டது. எங்கேயோ வெளிநாட்டில் யாரோ கார் வாங்குவதை நிறுத்தினார்களாம். முதலில் நைட்டை எடுத்தார்கள். அப்புறம் பி ஷிஃப்ட்டையும் எடுத்துவிட்டு, எல்லோரும் பகலுக்கே வரவேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே பஸ்ஸில் இறங்கவேண்டும். நடுவே இருக்கும் முழுப் பகலுக்கும் ஹேண்ட் ஓவர் வாங்க ஆள் கிடையாது.

பையன்கள் சும்மா இருக்கவில்லை. முதல் நாள் தாவீது வயிற்றுவலி என்று லீவு போட்டான். அடுத்த நாள் காசிராஜனுக்குக் காய்ச்சல். மூன்றாவது ஆள் கேட்டதும் சூப்பர்வைசர் விஷயத்தைத் தோண்டிவிட்டார். "நாய்க்குத் துணைக்கு லீவா? நாளைக்குப் பூனைக்கு ஓவர்டைம் கேப்ப" என்று லைனில் எல்லோருக்கும் முன்னால் வைத்துக் கேட்டாராம். இனி லீவு போட்டால் கேட்டுக்கு வெளியேதான் என்றும் சொல்லிவிட்டார். ஆள் குறைக்கிற நேரத்தில் கான்ட்ராக்ட்டுக்காரன் வேறென்ன பேச முடியும்?

டீக்கடையில் கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். ஆள் நடமாட்டம் இருக்கிற இடம்தானே என்று நினைத்தார்கள். ஆனால் வருகிறவர்கள் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள், யாரும் அவள் பக்கத்திலேயே இருக்கவில்லை. கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸின் பின்னாலேயே லாரிகளுக்கு நடுவே ஓடி, கேட் வரை போய்விட்டாள். செக்யூரிட்டி தடியெடுத்து விரட்டியிருக்கிறான். இசக்கி லைனில் நின்றுகொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறான். மெஷினை விட்டு வர முடியாது. அன்று வில்சன்தான் அந்த வழியாக சவாரி வந்தவர் அவளை அடையாளம் கண்டு ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார்.

நானும் முடிந்த அன்றெல்லாம் போய் அந்த அறையில் உட்கார்ந்தேன். எத்தனை நாள் முடியும்? இங்கே இத்தனை வாய்கள் சோற்றுக்குக் காத்திருக்கின்றன. நான் போகாத நாளில் நடேசனின் சம்சாரம் பாஞ்சாலி அறைக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தது. நாய் என்றால் அந்த அம்மாவுக்கு நடுக்கம். இருந்தாலும் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று "கண்ணு, அழாத கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்ததாம். ஆனால் கதவுக்கு வெளியே இருக்கும் ஆள் சேமியாவுக்கு ஆள் இல்லை. நடேசன் வந்து ஒன்றும் கத்தவில்லை. "நீ சொன்ன வார்த்தைதான்மா" என்று மட்டும் சொல்லி, மாதம் முடியும்வரை பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனுஷர்தான். என்ன பிரயோஜனம்?

இசக்கிக்குத்தான் அந்த யோசனை வந்தது. அதே சாலையில் இன்னொரு கம்பெனியில் இன்னும் நைட் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஆள் விடுகிற கான்ட்ராக்டர் வேறு. அவரிடம் பேசி, இங்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே நைட்டுக்குச் சேர்ந்துவிட்டால் பகலெல்லாம் ரூமில் இருக்கலாம். இரவில் மற்ற இருவரும் இருப்பார்கள்.

"ராத்திரி பூரா முழிப்பு, பகல்ல இத்தயும் பாக்கணும். உடம்பு தாங்குமாப்பா?" என்றேன்.

"பாக்கதுக்கு என்னக்கா இருக்கு? நா தூங்குவேன், அவளும் கால்கிட்ட தூங்குவா. எனக்குந்தான் அவ இல்லாம தூக்கம் வரமாட்டேங்கு."

எங்கள் எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வில்சன்கூட "மூளக்காரன்யா" என்றார். இசக்கி போய்ச் சேர்ந்தான். அந்த ஒரு வாரம் எல்லாம் பழையபடி நடந்தது. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் இருவரும், நைட்டு முடிந்து வந்து நிற்பவன் கையைப் பிடித்து சேமியாவின் தலைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். நான் ஆலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. அந்தக் கான்ட்ராக்டருக்கு ஆந்திர எல்லையைத் தாண்டி, தடாவுக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஒரு ஃபேக்டரியில் ஆள் தேவைப்பட்டது. யாரை அனுப்புவார்கள்? கடைசியாகச் சேர்ந்தவனைத்தான். பழைய கம்பெனியில் இசக்கி நாலு வருஷத்து ஆள். அவனை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு இந்தப்பக்கம் வந்த அன்றே அவன் நேற்று வந்தவனாகிவிட்டான். நாய்க்காக நைட்டு வேண்டும் என்று போனவனை, நாயே இல்லாத இடத்துக்குத் தூக்கி அனுப்பினார்கள். பழைய இடத்தில் திரும்பப் போய்க் கேட்டான். ஆளைக் குறைத்துக்கொண்டிருக்கிறோம், உன்னை எங்கே எடுப்பது என்றார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் அவன் சேமியாவையும் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்கு வந்தான். சேமியா அவன் காலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அங்கே ஹாஸ்டலில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேர், நாயைக் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள் என்று விசாரித்துவிட்டு வந்திருந்தான்.

"யக்கா, நா ஒண்ணு கேக்கேன். வேலய விட்டுரட்டுமா?"

நான் குனிந்து சேமியாவின் காதைத் தடவினேன்.

"நீங்க விடுன்னா விட்டுருதேன். நெசமாத்தான் சொல்லுதேன்."

ஊரில் அவனை நம்பி அப்பா படுக்கையில் இருக்கிறார், தங்கச்சி படிக்கிறாள். எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு நாய்க்காக வேலையை விடு என்று எந்த வாயால் சொல்வேன்? விடாதே என்றும் எந்த வாயால் சொல்வேன்? ஊரெல்லாம் கேள்வி கேட்கிற எனக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

"போயிட்டு வாப்பா" என்றேன். "நான் பாத்துக்கறேன்" என்று கூடவே ஒரு பொய்யையும் சொன்னேன்.

மாதம் முடிவதற்குள்ளேயே காசிராஜனும் தாவீதும் அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். இசக்கி போனபிறகு பூட்டிய அறைக்குள் கதவின் அடிப்பலகையைக் கடித்து ஒரு பல்லை உடைத்துக்கொண்டிருந்தாள். வாயோரமெல்லாம் மரச் சிலாம்பு குத்தி வீங்கியிருந்தது. அவளுடைய தட்டு, படுக்கிற சாக்கு, இசக்கியின் பழைய டீஷர்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். காசிராஜன் சொன்னான்.

"நாங்க வேணும்னு கொண்டாந்து விடலக்கா. கதவப் பூட்டிட்டுப் போறப்ப அவ பாக்கா பாருங்க. அதப் பாத்துட்டு லைன்ல கை ஓடல."

நாயைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களை நான் சும்மா விட்டதே இல்லை. கேட்டில் வைத்தே நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோலக் கேட்டு அனுப்புவேன். அன்றைக்கும் யாரையாவது திட்டவேண்டும் என்று எனக்கு நெஞ்சு முட்டிக்கொண்டு வந்தது. இந்தப் பையன்களையா? நடேசனையா? கார் வாங்காமல் போன வெள்ளைக்காரனையா? ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் சோறு போட்டு அனுப்பினேன்.

அடுத்த முகாமுக்கு சேமியாவையும் கொண்டுபோனேன். ஒரு குடும்பம் வந்தது. நல்லவர்களாகத் தெரிந்தார்கள், வீட்டில் ரிட்டையர் ஆன பெரியவர் வேறு இருந்தார். சேமியாவின் சாந்தத்தைப் பார்த்து எல்லோருக்கும் பிடித்துப்போனது. நான் எதையும் மறைக்கிறவள் இல்லை. இதற்குமுன் மூன்று வீட்டுக்குப் போய்த் திரும்பியவள் என்பதையும் சொன்னேன்.

"மூணு பேர் திருப்பிக் கொடுத்திருக்காங்கன்னா நாய்கிட்ட ஏதாவது கோளாறு இருக்கணுமே" என்றார் அந்தப் பெரியவர்.

"நாயி மேல ஒரு கொறையும் இல்லீங்க."

"அப்ப எடுத்தவங்க மேலயா?"

"அவங்க மேலயும் இல்லீங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விற்கத் தெரியாத வியாபாரி என்று நினைத்திருப்பார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு ஃபோன் வரவில்லை. நான் பண்ணியபோது, தாம்பரத்தில் ஒரு கடையில் லேப் குட்டி வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள்.

இசக்கி மட்டும் தினமும் ஃபோன் பண்ணுவான். அங்கே சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கால் போட்டு "ஏ சேமியா, சாப்ட்டியா, என்ன செய்யுத?" என்பான். முதல் நாள் அவன் குரல் கேட்டதும் அவள் துள்ளிய துள்ளலைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். அவனும் சிரித்தான். அவளோ திரையைப் பார்க்கவில்லை. அவளுக்கு முகம் தெரியவில்லை, குரல்தான் தெரிந்தது. ஃபோனுக்குப் பின்னால் போய்த் தேடினாள். என் முந்தானையைத் தூக்கிப் பார்த்தாள். பெஞ்சுக்குக் கீழே, அரிசி டிரம்முக்குப் பின்னால், கேட் வரைக்கும் ஓடிப்போய்த் தேடினாள். ஃபோனை வைத்தபிறகு கேட்டில் முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊளையிட ஆரம்பித்தாள்.

தினமும் இதே நடந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் நிறுத்தவில்லை. இத்தனை நாள் யாராவது ஒரு மனிதர் பக்கத்தில் இருந்தால் போதும் என்றிருந்தவளுக்கு இப்போது நானும் போதவில்லை. தட்டில் வைத்த சோறு அப்படியே காய்ந்தது. கேட்டின் தகரத்தில் பிறாண்டி, ஆறிய நகமெல்லாம் மறுபடி ரத்தமாயிற்று. ஷீபா டாக்டர் வந்து பார்த்துக் கட்டுப் போட்டுவிட்டு, "அந்தக் குரலை நிறுத்துங்க கிரேசி. அவ மறக்கட்டும். இல்லேன்னா சாப்பிடாமலே போயிடுவா" என்றார்.

மறுநாள் அவன் கால் வந்ததும் ஃபோனை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய்விட்டேன்.

"இசக்கி, இனிமே ஃபோன் பண்ணாதப்பா."

"ஏங்க்கா, நா என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல. உன் குரலக் கேட்டுட்டு நாள் முழுக்கத் தேடிகினே கீது. சோறு எறங்கல. டாக்டர் நிறுத்தச் சொல்ட்டாங்க."

அவன் பக்கம் தட்டு கழுவும் சத்தம், தெலுங்கில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் எல்லாம் கேட்டது.

"சரிக்கா. அவ சாப்பிட்டாச் சரி" என்றான். வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "யக்கா, ஒண்ணு செய்வமா? என் பக்கம் சத்தத்த அமத்திருதேன். எனக்கு அவ தெரிஞ்சாப் போதும். அவளுக்கு ஒண்ணும் கேக்காதுல்லா?"

வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கவேண்டும். என்னால் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, சேமியா கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு என் பெஞ்சுக்குக் கீழே அசந்து தூங்கிய ஒரு மத்தியானம், நானே அவனைக் கூப்பிட்டேன். அவன் தன் பக்கம் சத்தத்தை நிறுத்தினான். ஃபோனைத் தரையில் ஒரு செங்கல்லுக்குச் சாய்த்து வைத்தேன். கம்பெனிச் சட்டையோடு ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். அவளைத் தலையிலிருந்து வால் வரை மெதுவாகப் பார்த்தான். காலில் இருந்த கட்டைப் பார்த்ததும் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒரு ஈ உட்கார்ந்தோ என்னவோ, சேமியா காதை உதறி விழித்துக்கொண்டாள். தலையைத் தூக்கி நேராக ஃபோன் இருக்கும் பக்கம் பார்த்தாள். நான் ஃபோனைக் கவிழ்க்கக் கை நீட்டினேன். அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இசக்கியின் வாய் "சே" என்று திறந்தது. சத்தம் நிறுத்தியிருப்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் அவன் சட்டென்று இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். சேமியா மறுபடி தலையைக் காலின்மேல் வைத்துக் கண்ணை மூடிய பிறகும் அவன் கையை எடுக்கவில்லை.